ஊர்திக்கு முன்னால் நடக்க ஒரு முகம்

கிளிஃபோர்டின் முகத்தைப் பார்த்தால், தட்டிலிருந்த மீன் வறுவலை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். பிறவி முகம், அவர்தான் என்ன செய்வார்? இங்கிலாந்தில் யார்க்‌ஷரின் ஒரு மில் ஊரில் இருபத்திரண்டு வருடமாகச் சவப்பெட்டி தூக்குகிறார். பெட்டி தூக்குபவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அதனால் பிழைப்பு ஓடியது. ஆனால் ஒரே ஒருமுறையாவது உயரத் தொப்பியும் கைத்தடியுமாக அமரர் ஊர்திக்கு முன்னால் நடந்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

அதுவரை அப்படி நடந்துகொண்டிருந்தவர் ஹோரஸ், முப்பது வருடச் சிநேகிதர். திங்கட்கிழமை காலையில் டீ போட எழுந்தவர் அடுப்படியிலேயே போய்விட்டார். தன் ஊர்திக்கு முன்னால் கிளிஃபோர்டுதான் நடக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தாராம். அவர் மனைவி எட்னா வந்து சொல்லிவிட்டுப் போனார். அடக்கம் வெள்ளிக்கிழமை.

சவ அடக்கக் கம்பெனி முதலாளியம்மா வேரா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"நடங்க கிளிஃபோர்ட், வேணாங்கல. ஆனா இந்த மூஞ்சியோட இல்ல. சாலமா, பயபக்தியா இருக்கணும்."

"சீரியஸாத்தானே மேடம் இருக்கேன்?"

"சீரியஸ்னா பேங்க் மேனேஜர். க்ரேவ்னா, ரிப்போர்ட்டைப் பாத்துட்டுக் கண்ணாடியக் கழட்டுற டாக்டர். நீங்க வச்சிருக்கிறது கிளூமி, மழையில நனைஞ்ச பூனை. சாலம்னா சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துறவங்க முகம் இருக்கும்ல, அது!"

மூன்று நாளும் கம்பெனிக் காரின் பளபளக்கும் கதவில் முகம் பார்த்துப் பழகினார். புருவத்தை இறக்கினால் டாக்டர் வந்தார், உதட்டை இறக்கினால் பூனை வந்தது. மெழுகுவத்திக்காரர் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வயித்து வலியாய்யா?" என்று கூடப் பெட்டி தூக்குகிறவர்கள் கேலி செய்தார்கள். கிளிஃபோர்டுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. செத்தது தன் சிநேகிதன், அழும் முகத்தையும் இவர்களிடம் அளவெடுத்து வாங்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமை புறப்படுமுன் வழக்கப்படி பெட்டியைப் பார்த்து நின்று, தொப்பியை எடுத்துக் குனிந்தார். அப்போதுதான் ஆத்திரம் பொங்கியது. நாளைக்குப் புறாப் பந்தயம். ரெண்டு பேரும் சேர்ந்தே புறாக் கூடையைக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டு இப்படிப் படுத்துக்கொண்டானே, பாவி! சாலம், க்ரேவ் எல்லாம் மறந்துபோயிற்று. அந்த ஆத்திரத்தோடேயே கடைத்தெரு முழுக்க நடந்தார்.

கல்லறை வாசலில் வேரா பல்லைக் கடித்தார்.

"யாரையோ அடிக்கப் போற மாதிரி நடந்தீங்களே!"

பின்னாலேயே எட்னா நின்றிருந்தார்.

"அவரத் திட்டாதீங்க. நாலு நாளா வர்றவங்க எல்லாம் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு டீ குடிச்சுட்டுப் போறாங்க. எனக்கு என்னை விட்டுட்டுப் போன அந்த மனுசன் மேல கோவம் கோவமா வருது. சொன்னா அசிங்கம்னு வாயத் தெறக்கல. இவரு ஒருத்தர் மூஞ்சியிலதான் அதப் பாத்தேன்."

 அடக்கம் முடிந்ததும் வேரா தொப்பிக்காகக் கையை நீட்டினார்.

"திங்கட்கிழமையிலேருந்து நீங்க பழையபடி பெட்டியே தூக்குங்க, கிளிஃபோர்ட்."

கொடுத்துவிட்டார். மனசு வலித்தது. எட்னாவிடம் போய், நாளைக்கு ஹோரஸின் புறாக்களை யார் கொண்டுபோவது என்று கேட்டார்.

"வேற யாரு, நீங்கதான்," என்றார் எட்னா சிடுசிடுவென்று. "காலையில ஆறு மணிக்கு வாங்க. அவர மாதிரி ஏமாத்திடாதீங்க."