கடைசி ரீல் பார்க்காத படங்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கடையில் டப்பாக்களின் மேல் சரக்குப் பெயர் எழுதி ஒட்டியதுதான் என் எழுத்து. நினைவும் முன்போல் இல்லை. முன்னது பின்னதாக வந்தால் நீங்களே ஒழுங்கு பண்ணி வாசித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மத்தியானம் மருமகள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, ஒங்களுக்கு என்ன மாதிரி படம் புடிக்கும்? சாமி படமா, சண்டைப் படமா?" என்று கேட்டாள். இத்தனை வயதில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "எதுனாலும் போடும்மா" என்று சொல்லிவிட்டேன். பேச வெட்கம். உண்மையில் எல்லா வகைப் படத்தைப் பற்றியும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. முடிவைப் பற்றித்தான் கிடையாது.

காரணம் பஸ். திருச்சுழி ரோட்டில் உள்ள எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தோம். மாதம் ஒரு நாள் என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போவார். கல்யாணமான புதிதில் என்னையும் கூட்டிப்போவார். காலையில் லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, மதியம் மேட்னி. எங்கள் ஊர்ப் பஸ் ஐந்தே முக்காலுக்கு. படம் விடுகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான். கடைசிக் கட்டம் வரும்போது முழங்கையில் தட்டுவார். "எந்திரி, பஸ்ஸு போயிரும்." நான் திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, ஒருமுறை ஒரு பெரியவரின் காலை நன்றாக மிதித்திருக்கிறேன்.

வீட்டில் மதினி காத்திருப்பார். என் வீட்டுக்காரரின் அக்கா. கட்டிக்கொடுத்த இரண்டு வருசத்தில் புருசனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். எங்கள் பக்கத்துக் கடைக்கார வீடுகளில் அப்படிப்பட்ட பெண் தியேட்டருக்குப் போவதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்று கூப்பிட்டதும் இல்லை. மறுநாள் காலை கடைக்குப் பின்னால் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளும்போது நான் கதை சொல்ல வேண்டும். என் அபிப்பிராயமெல்லாம் அப்படிச் சொல்லிச் சொல்லி வந்ததுதான்.

சாமி படம் சொல்ல எளிது. முடிவைப் பார்க்காவிட்டாலும் சாமி வந்துதானே ஆக வேண்டும். ஆனால் மதினி கேட்பார்: "ஏத்தா, அந்தச் சாமி மொதல்லயே வந்தா என்னவாம்? அதுக்கும் பஸ்ஸு கெடைக்கலயாக்கும்?" சண்டைப் படத்தை வாயால் சொல்ல முடியாது. "அடிச்சான், விழுந்தான் மதினி." "யாரு விழுந்தா?" "ரெண்டு பேருந்தான்." பேய்ப் படத்தை நான் முந்தானையால் முகத்தை மூடிக் காதால்தான் பார்த்தேன். மதினிக்குச் சொன்னது என் சொந்தப் பேய். சிரிப்புப் படம் வீடு வந்து சேருவதற்குள் சப்பென்று ஆகிவிடும். "இதுக்கா சிரிச்சாக?" என்பார். அழுகைப் படம்தான் எங்களுக்குத் தோது. வத்தல் நெடியில் யார் எதற்கு அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

முடிவுகளை நானே கட்டிச் சொன்னேன். படம் பார்த்த பெருமையோடு வந்துவிட்டு, பாதியில் எழுந்து வந்தோம் என்று சொல்லக் கூச்சம்.

ஒரு குடும்பப் படம். புருசன் இல்லாத பெண், தையல் தைத்துப் பிழைக்கிறாள். ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். சம்மதம் என்றால் ரயிலடிக்கு வா என்கிறார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். அதற்குள் வீட்டுக்காரர் என் முழங்கையில் தட்டிவிட்டார்.

அந்த மாதம்தான் மதினியையும் ஒருவர் கேட்டிருந்தார். மல்லாங்கிணறு என்கிற ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், மனைவி தவறிப்போனவர். தங்கையை அனுப்பியிருந்தார். "அவுக சம்மதந்தான் எங்களுக்குப் பெருசு. பத்து நாள்ல ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அந்தத் தங்கை சொல்லிப் போனார். மாமனார், "அவ இஷ்டம்" என்றார். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் கதை சொன்னபோது மாமியாரும் பக்கத்தில் முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். வாசல் வரை சொல்லி நிறுத்தினேன்.

"போனாளா?" என்றார் மதினி.

முறம் நின்றது. நான் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன்.

"இல்ல மதினி. வாசல்லயே நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டா."

முறம் மறுபடி ஆடியது. மதினி, "அப்படித்தான இருக்கும்" என்றார். அடுத்த வத்தலை எடுத்துக் காம்பு கிள்ளினார். பத்தாம் நாள் மல்லாங்கிணற்றுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். நான் சொன்ன அந்த ஒரு சொல்லால்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. அதற்குப் பிறகும் மாதாமாதம் கதை கேட்டார். முடிவு நெருங்கினால் மட்டும் கையைக் காட்டுவார். "போதும்த்தா. மிச்சத்த நான் வச்சுக்கிறேன்."

போன ஐப்பசியில் மதினி இறந்துபோனார், அதே வீட்டில்.

போன வாரம் மருமகள் போட்டது அந்தத் தையல்காரியின் படம்தான். கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். அவள் போகிறாள். அவர் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான், நாலு நிமிடம்கூட இல்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மடியில் இருந்த பூண்டை உரித்து முடித்தேன். 'நான் பாக்கல மதினி' என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தைதான்.

அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. வத்தல் பொடியாகப் பாக்கெட்டில் வருகிறது, காம்பு கிள்ள வேலையில்லை. கதையை இன்னொருவர் வாயால் கேட்க யாருக்கும் தேவையும் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் தெருவில் வயதான ஒருவர் சொல்கிறார்: "அந்தப் பஸ்ஸு எங்க போயிரும்? படம் விட்டு சனம் ஏறுற வரைக்கும் நிக்குமே." எனக்கு அப்படி நினைவில்லை. கேட்கலாம் என்றால் என் வீட்டுக்காரரும் இல்லை. அந்த நாளில் திருச்சுழிப் பஸ்ஸில் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் விசாரித்து எழுதுங்கள். நின்றது என்று தெரிந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.