பின்சீட் இல்லாத வண்டி

நகரப் பேருந்து ஓட்டுநர்களில் அவருக்கு 'கியர் அக்கா' என்று பெயர். பழைய பேருந்துகளில் அவர் கியர் மாற்றுவது யாருக்கும் தெரியாது. நின்றுகொண்டு வரும் பயணிகள்கூடக் கம்பியைப் பிடிக்க மறந்துவிடுவார்கள் என்று டிப்போவில் பேசிக்கொள்வார்கள். பிறகு கம்பெனி புதுப் பேருந்துகளை இறக்கியது. அவற்றில் கிளட்சும் இல்லை, கியர் கம்பியும் இல்லை. எல்லாம் தானாகவே மாறிக்கொள்ளும். மற்றவர்கள் கால்வலி போயிற்று என்று மகிழ்ந்தார்கள். அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"இந்தக் கை இருக்கே, வேலை போன கணக்குப்பிள்ளை மாதிரி மடியிலயே உக்காந்திருக்கு" என்று கணவரிடம் குறைபட்டுக்கொண்டார்.

கணவர் குழாய் பழுதுபார்ப்பவர். "எங்கூட வா. ஸ்பானர் பிடிக்க ஆள் வேணும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பெற்றோர் விட்டுப்போன வீட்டை அக்காவும் தங்கையும் விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். தங்கையின் கணவர் ஆடிட்டர். எதையும் இரண்டு முறை யோசித்து, மூன்றாம் முறை வேண்டாம் என்று முடிவெடுப்பவர். அப்படிப்பட்டவரே ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கினார். இரண்டு கதவு, நல்ல வேகம், அழகான வண்டி. மீதிப் பணம் வங்கிக்குப் போனது.

அக்காவும் அதே ஷோரூமுக்குத்தான் போனார். அங்கே அதே காரில் ஐந்நூறு வண்டிகளை மட்டும் தனி ரகமாகச் செய்திருந்தார்கள். எடை குறைவு, பிரேக் பெரிது, கண்ணாடி மெலிசு. முன்பலகையில் இது எத்தனையாவது வண்டி என்று எண் பொறித்த தகடு. அதையெல்லாம் விற்பனையாளர் விரல் மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் கண் கியர் கம்பியிலேயே நின்றது. அந்தக் கார் கம்பெனி கையால் மாற்றும் கியர் வைத்தது அந்த ஐந்நூறில் மட்டும்தான். முதலிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளிப் பார்த்தார். டக்கென்று சின்னதாக ஒரு சத்தம். தன் பங்கு மொத்தமும் அங்கேயே போயிற்று.

செய்தி கேட்டதும் ஆடிட்டர் ஓடிவந்தார். வண்டியைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பின்சீட் எங்கேக்கா?"

"அது கிடையாது தம்பி. எடையைக் குறைக்க எடுத்துட்டாங்க."

"ரேடியோ?"

"அதுவும்தான்."

"அதே இன்ஜின், அதே கதவு. இருக்கிறதைப் பிடுங்கிட்டு, என் வண்டி விலைக்கு மேல இன்னொரு பாதி வாங்கியிருக்கான்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க!"

"பின்சீட் இல்லாததுக்கே அந்த விலை கொடுக்கலாம் சகலை" என்றார் அக்காவின் கணவர். "சொந்தக்காரங்க யாரும் வழியில இறக்கி விடுங்கன்னு கேக்க முடியாது பாருங்க."

வழக்கு முடியவில்லை. இரு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும்போதெல்லாம் அது மேஜைக்கு வந்தது. கடைசியில் தங்கைக்கே பொறுக்கவில்லை. "ரெண்டு வண்டியையும் எடுத்துக்கிட்டு மலைமேல இருக்கிற ஏரிக்குப் போவோம். யார் வண்டி ஒசத்தின்னு அங்க தெரிஞ்சிடும்" என்றாள்.

ஒரு விடுமுறை நாளில் கிளம்பினார்கள். சாப்பாட்டுக் கூடை, பாய், குடை எல்லாம் ஆடிட்டர் வண்டியில்தான் ஏறின. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் மலையடிவாரத்திலேயே ஒரு பால் லாரி முன்னால் மாட்டிக்கொண்டது. முந்த வழியில்லாத குறுகிய சாலை. லாரி நத்தை வேகத்தில் ஏற, இரண்டு கார்களும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன.

இறங்கியதும் ஆடிட்டர் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா? ஒரே நேரம்!"

"நீங்க சொன்னது சரிதான் தம்பி" என்றார் அக்கா. அவர் முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கியரை இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி, பல வருஷத்துப் பசி தீர்ந்திருந்தது அந்தக் கைக்கு.

திரும்பும்போது தங்கை தங்கள் காரை ஓட்டினாள். ஆடிட்டர் அக்காவின் பக்கத்தில் ஏறினார். முன்னால் லாரி இல்லை. அக்கா ஒன்றும் பறக்கவில்லை; பேருந்து ஓட்டியவருக்கு அந்தப் புத்தி வராது. ஆனால் நினைத்த இடத்தில் வண்டி திரும்பியது. கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த ஆடிட்டர் நாலைந்து வளைவு கழிந்ததும் கையைத் தளர்த்தினார்.

"எப்படிச் சொல்றது... ரோடு சீட்டு வழியா பேசுதுக்கா."

"உங்க வண்டியில பேசாதா?"

"அதுல ரேடியோ பேசும்."

இருவரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அடிவாரம் வந்ததும் ஆடிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருந்தாலும் அந்த விலைக்குத் தகாதுக்கா."

"தகாதுதான் தம்பி" என்று சொல்லி அக்கா கியரை ஏற்றினார்.

சில வருஷங்களில் அந்த ஐந்நூறு வண்டிகளுக்கும் கிராக்கி வந்துவிட்டது. பழைய கார்களைச் சேர்க்கும் வியாபாரி ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்குக்குப் போகிறது என்று கேள்விப்பட்ட ஆடிட்டர் கட்சி மாறிவிட்டார். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்! நான் அப்பவே நினைச்சேன்" என்றார். அக்காவின் கணவர் இருமினார்.

வியாபாரி கையுறை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். எத்தனை தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவு ஓட்டியிருக்கீங்களே அம்மா!"

"கார்தானேங்க? ஓட்டாம என்ன பண்றது?"

"மத்தவங்க எல்லாம் துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க. அதுக்குத்தான் விலை. இதுக்கு..." சாதாரண வண்டியின் விலையைவிடச் சற்றே கூடுதலாக ஒரு தொகை சொன்னார். அக்கா டீ கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஆடிட்டர்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சேக்கா!"

"எனக்கென்னவோ அந்த மனுஷனை நினைச்சாத்தான் பாவமா இருக்கு" என்றார் அக்கா. "ஊர் ஊரா அலைஞ்சு வண்டி சேக்கிறாரு. ஒண்ணைக்கூட ஓட்டிப் பாக்கல போல."

இப்போது அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். டிப்போ ஆட்கள் வழியில் பார்த்தால், அந்த விலை தகுமா என்று இன்னும் கேட்கிறார்கள். "எனக்குத் தகும். என் தங்கை வீட்டுக்காரருக்குத் தகாது. ரெண்டு பேர் கணக்கும் சரிதான்" என்பார். டயர் மாற்றும்போது மட்டும் வயிறு எரியும். சாதாரண டயர் அந்தச் சக்கரத்துக்குப் பொருந்தாது; கம்பெனி கேட்கும் விலையைத்தான் கொடுக்கவேண்டும். இரண்டு நாள் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே இருப்பார். மூன்றாம் நாள் கணவர் ரொட்டி வாங்கி வரச் சொல்லுவார். கடை தெருமுனையில்தான் இருக்கிறது. அக்கா சாவியை எடுத்துக்கொண்டு மலைச்சாலை வழியாகப் போய்விட்டு வருவார்.