ஐந்து ஏற்று, பத்து இறக்கு

என் அக்கா காது சோதிக்கிறவள். வருகிறவர்களைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து 'பீப்' என்று ஒலி அனுப்புவாள். கேட்டது என்று பொத்தானை அழுத்தினால் ஒலியின் அளவைப் பத்து இறக்குவாள். அழுத்தாவிட்டால் ஐந்து ஏற்றுவாள். இப்படி ஏற்றி இறக்கி, அந்த ஆளுக்கு எந்த இடத்தில் கேட்க ஆரம்பிக்கிறது என்று பிடித்துவிடுவாள். பதினான்கு வருடமாக இதே வேலை.

இவளைக் கட்டிக்கொண்டவனுக்கோ சத்தமே ஆகாது. கணக்கு வாத்தியார். ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தி, அதை வீடியோவாக இணையத்தில் போடுவான். 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்கவும். கரண்டி விழுந்தால் 'ஷ்ஷ்'. தும்மினால் 'ஷ்ஷ்'. அக்காவுக்குச் சிரிப்பு கொஞ்சம் பலமாக வரும், அதற்கும் 'ஷ்ஷ்'. ஏழு வருடம் அந்த வீட்டில் பூனை மாதிரி நடந்தாள். எங்கள் அப்பா இறந்த செய்தியை நான்தான் போனில் சொன்னேன். அக்கா ஓவென்று அழத் தொடங்கினாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், போனில் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"ஷ்ஷ். ரெக்கார்டிங் ஓடுது."

அக்கா அழுகையை அப்படியே விழுங்கிவிட்டாள். அடுத்த மாதம் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் சீட்டு எழுதும் ஆஸ்பத்திரியிலேயே காது பிரிவில் வேலையும் வாங்கிக்கொண்டாள். விவாகரத்தும் ஆனது. நானாக இருந்தால் அந்த அறை ஜன்னலில் கல்லை விட்டிருப்பேன். அவள் "வச்சுக்கறேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான்.

அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில், அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் அக்கா ஒரு மென்பொருளைப் போட்டிருந்தாள். சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை ஆராய்ச்சிக்காரர்களுக்கு இரவல் கொடுக்கிற ஏற்பாடு அது. அப்பாவுக்கு வந்த நோயைப் பற்றிய பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி ஊரெல்லாம் அனுப்புவார்கள். நம் வீட்டுப் பெட்டி தன் துண்டை முடித்துத் திருப்பி அனுப்பும். பெட்டியின் மூளையில் எத்தனை விழுக்காட்டை அதற்குக் கொடுப்பது என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். வாத்தியாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று அக்கா இருபதில் வைத்திருந்தாள். யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டாலே நின்றுவிடும்படியும் செய்திருந்தாள்.

பிரிந்து வந்து ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் திட்டத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். அவள் பெயருக்குக் கீழே ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கடைசியாகத் தொடர்புகொண்டது இன்று காலை ஒன்பது பத்துக்கு.

"இங்க வாடி. இது இன்னும் என் பேச்சைக் கேக்குது."

இந்தப் பக்கத்தில் எண்ணை மாற்றினால் போதும். அடுத்த துண்டு வேலை கேட்டு வரும்போது அந்தக் கம்ப்யூட்டர் புது எண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விடும். வேலை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் உள்ளே இருக்கும் விசிறி கத்தும். அக்கா முதலில் 'ஆள் இருக்கும்போது நிறுத்து' என்ற கட்டத்திலிருந்த குறியை எடுத்தாள். பிறகு இருபதை இருபத்தைந்து ஆக்கினாள்.

"அஞ்சுதானா? நூறுல வை அக்கா! காது கிழியட்டும்."

"நூறுல வச்சா இன்னைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கண்டுபிடிச்சிடுவான். அஞ்சஞ்சா ஏத்தினா பைத்தியம் பிடிக்கும்."

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஆஸ்பத்திரியிலேயே நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவன் போடும் வீடியோக்களைக் கேட்டாள். அவன் கையில் பொத்தான் இல்லை, ஆனால் கண் இருந்தது. நாற்பத்தைந்து வைத்த அன்று, முக்கோணத்தின் பரப்பளவைச் சொல்லிக்கொண்டிருந்தவனின் கண் ஒரு தடவை மேசைக்கடியில் போய் வந்தது. "கேட்டுடுச்சு" என்று பத்து இறக்கினாள். இரண்டு நாள் நிம்மதியாக விட்டாள். பிறகு ஐந்து. மறுபடி ஐந்து.

தூசு தட்டினான். புது விசிறி வாங்கிப் போட்டான். சத்தத்தை அடக்குகிறேன் பேர்வழி என்று பெட்டிக்குக் கனமான போர்வை போர்த்தினான். காற்றுப் போக வழியில்லாமல் அது இன்னும் சூடாகி, இன்னும் கத்தியது. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லித் தருகிறவனுக்கு, பெட்டியில் என்ன ஓடுகிறது என்று திறந்து பார்க்கத் தோன்றவில்லை. 'சார், பின்னாடி பிளேன் கிளம்புதா?' என்று ஒரு மாணவன் வீடியோவுக்குக் கீழே கேட்டிருந்தான். அதை அக்கா எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள். நான் பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. வாரம் ஐந்து வீடியோ என்பது ஒன்றாகக் குறைந்தபோது அக்கா எண்பத்தைந்தில் இருந்தாள்.

அந்த ஒரு வீடியோவில்தான் தட்டு விழும் சத்தமும், "ஐயோ" என்று ஒரு பெண் குரலும் கேட்டன. அவன் கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பி 'ஷ்ஷ்' என்றான். மறுபடி கல்யாணம் செய்துகொண்டிருக்கிறான். அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள்.

"நான் அனுப்பின சத்தத்துக்கெல்லாம் அவளைத்தான் கடிச்சு வச்சிருப்பான்."

"அதுக்கு? அப்பா செத்த அன்னைக்கு என்ன சொன்னான்னு மறந்துட்டியா?"

"மறக்கல. ஆனா அவ என்னடி பாவம் பண்ணா?"

மறுபடியும் இருபதில் வைத்தாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பத்து நாள் கழித்து, காது பிரிவுக்குச் சீட்டு வேண்டும் என்று ஒரு பெண் வந்து நின்றாள். 'கணவர் பெயர்' என்ற கட்டத்துக்கு அவள் சொன்ன பெயரைக் கேட்டதும் என் பேனா நின்றுவிட்டது.

"என்ன தொந்தரவு?" என்றேன்.

"எனக்குக் காது கேக்கலையாம். சத்தமா பேசறேனாம். அவர்தான் சொல்றார்."

ஓடிப்போய் அக்காவின் காதில் சொன்னேன். அந்தப் பெண்ணை உள்ளே உட்கார வைத்துக் கதவை மூடினாள். முதல் 'பீப்' போவதற்கு முன்பே, உள்ளிருந்த மைக்கில் அவள் குரல் வந்தது.

"அக்கா, அந்தக் கம்ப்யூட்டர்ல உங்க பேர் இருக்கு. முதல் மாசமே பாத்துட்டேன். பேரைத் தட்டினா உங்க பக்கம் வந்துச்சு, இந்த ஆஸ்பத்திரின்னு போட்டிருந்துச்சு. ஏன்க்கா கொறைச்சிட்டீங்க?"

அக்கா மைக்கை அழுத்தினாள். "உன்னைத் திட்டுவானேன்னுதாம்மா..."

"அது கத்தினாலும் திட்டுவார், கத்தலைன்னாலும் திட்டுவார். ஆனா கத்தும்போது காதுல பஞ்சை வச்சுக்கிட்டுப் பேப்பர் திருத்த உக்காந்துடுவார். அப்பத்தான் நான் எங்கம்மாகூடப் பேசுவேன். வாய்விட்டுச் சிரிக்கக்கூடச் செய்வேன். பத்து நாளா மறுபடி ஊமையா இருக்கேன்க்கா."

நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன். அக்கா அழவில்லை.

"அம்மாகிட்ட எத்தனை மணிக்குப் பேசுவ?"

"பதினொண்ணுக்கு."

அக்கா அந்த இணையப் பக்கத்தைத் திறந்தாள். நேரம் குறிக்கவும் அதில் ஒரு கட்டம் உண்டு. தினமும் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை, நூறு. அதற்குப் பிறகுதான் பொத்தானை எடுக்கச் சொல்லிச் சோதனையை ஒழுங்காகச் செய்தாள். அந்தப் பெண்ணின் காதில் ஒரு குறையும் இல்லை. சீட்டில் இப்படி எழுதினாள்: 'செவித்திறன் இயல்பானது. கணவரைப் பரிசோதனைக்கு அழைத்து வரவும். காலை பதினொரு மணி.'

வந்தான். பஞ்சு வைத்து வைத்துக் காது போய்விட்டதோ என்று அவனுக்கே பயம் பிடித்திருந்தது. நான் முகக்கவசம் மாட்டிக்கொண்டு சீட்டு எழுதினேன், என்னைத் தெரியவில்லை. நர்ஸ் அவனை உள்ளே உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கதவை மூடிவிட்டுப் போனாள். வெளியே பெஞ்சில் அவன் மனைவி போனை எடுத்து "அம்மா" என்றாள். அடுத்த நிமிடம் அவள் சிரித்த சிரிப்பு நடைபாதை முழுக்கக் கேட்டது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா விளக்கைப் போட்டாள். அவளைப் பார்த்ததும் அவன் பாதி எழுந்து, ஏதோ கேட்க வாயைத் திறந்தான். அக்கா உதட்டில் விரலை வைத்து, மைக்கை அழுத்தினாள்.

"ஷ்ஷ். டெஸ்ட் ஓடுது."