தட்டையான கோடு

வீரணனுக்கு வாய்த்த கை எங்கள் ஆய்வுக்கூடத்தில் எவனுக்கும் வாய்க்கவில்லை. பட்டம் வாங்கியவர்கள் திணறி எழுந்துபோன நாற்காலியில் இவன் உட்கார்ந்து, கடுகைவிடச் சின்னத் துளையின் குறுக்கே தூரிகையால் கொழுப்புப் படலம் தீட்டிவிடுவான். பள்ளத்தூர் ஆசாரி வீட்டுப் பிள்ளை. நம் செல்லின் மேலுறையும் அப்படியொரு கொழுப்புப் படலம்தான்.

அவன் தீட்டும் படலத்தில் ஸ்டிரால் என்ற கொழுப்பு வகையைக் கலந்து, ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை விடுவோம். பூஞ்சையில் இருக்கிற எர்கோஸ்டிரால் என்றால் மருந்து அதோடு சேர்ந்து ஓட்டை போடும். பொட்டாசியம் அயனிகள் பாயும், திரையில் கோடு எகிறும். நம் உடம்பின் கொலஸ்டிரால் என்றால் கோடு லேசாகத் துடிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு இரட்டைப் பிணைப்பும் ஒரு சின்னக் கிளையும், அவ்வளவுதான்.

"இதுவும் துடிக்குதே சார்" என்றான் வீரணன்.

"அதெல்லாம் கட்டுரைப் படத்துல தெரிய வேணாம். அளவை மாத்துங்க" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

மாற்றியது நான். படத்தில் கொலஸ்டிரால் கோடு தட்டையானது. கட்டுரையில் வீரணன் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் அந்த அப்பாவி, தன் கண்ணைவிட அச்சில் வந்ததை நம்பி, படத்துக்குக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினான். மனைவி அழகிக்குப் பெருமையாக விளக்கியும் இருக்கிறான்.

2021இல், கொரோனா விட்ட கையோடு, சர்க்கரைக்காரியான அழகிக்குக் கரும்பூஞ்சை. மதுரையில் டாக்டர் சொன்னார்: "ஆம்போடெரிசின் போடணும். கையிருப்புல இருக்கறது கிட்னியக் கெடுக்கலாம். கெடுதல் கம்மியான வகை ரெண்டு நாள்ல வரலாம், வராமலும் போகலாம். நீங்கதான் முடிவு சொல்லணும்."

"பயமா இருக்கு. ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பமா? என்ன சொல்றீக?" என்றாள் அழகி.

"வீட்டுல படம் பாத்தேல்ல? பூஞ்சையத்தான் தொளைக்கும். நம்மள ஒண்ணும் செய்யாது. போட்டுக்க" என்றான் வீரணன்.

போட்டுக்கொண்டாள். பூஞ்சை செத்தது. ரத்தத்தில் பொட்டாசியம் சரசரவென இறங்கியது. அப்புறம் கிட்னியும் போனது. காத்திருந்தால் உயிரே போயிருக்கலாம். வீரணனுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன, அவன் அன்றிலிருந்து தூரிகையைத் தொடவில்லை. தலைவரிடம் சொன்னேன். "எர்கோஸ்டிரால் முடிவு சரிதானே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் அழகியைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தாள். சுவரில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது.

"அண்ணே, நீங்க படிச்சவுக. அந்தப் படத்துல நம்ம கோடு தட்டையாத்தானே இருந்துச்சு?"

வீரணன் என்னைப் பார்த்தான்.

"ஆமாம்மா, தட்டையாத்தான் இருந்துச்சு" என்றேன்.