தள்ளித் தள்ளி நின்ற பட்டன்கள்

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பதினெட்டு வருடங்களாக ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தவள், போன மழைக்காலத்தில் தன் தோளருகே காறை எலும்பு முறிந்திருப்பதையே திரையில் பார்க்கும்படி ஆயிற்று. காட்டுப் பாதையில் சைக்கிள் சறுக்கிவிட்டது. டயரில் நெருக்கமாகப் புடைத்திருந்த ரப்பர் பட்டன்களுக்கு நடுவே சேறு அப்பி, சக்கரமே வழவழவென்று களிமண் உருண்டையாகிவிட்டிருந்தது.

எலும்பு கூடியது, காட்டில் சைக்கிள் விடும் ஆசை அடங்கவில்லை. நோயாளியிடம் "மூச்சை அடக்குங்க" என்று சொல்லிவிட்டு, தானும் மூச்சடக்கி மனசுக்குள் ஈர மரங்களுக்கு நடுவே சைக்கிளில் இறங்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஒரு பெரியவர், "விடலாமாம்மா?" என்று திணறிக்கொண்டே கேட்ட பிறகுதான் தரைக்கு வந்தாள்.

மறுபடி மழை பிடித்ததும் சைக்கிள் கடைக்குக் கிளம்பினாள். தச்சு வேலை பார்க்கும் கணவரும் கூடவே வந்தார், எப்படியாவது தடுத்துவிடலாம் என்று.

கடைக்காரர் அகலமான டயர் ஒன்றை எடுத்துப் போட்டார். "இதப் போடுங்கக்கா. எந்தச் சேத்துலயும் மெத்து மெத்துன்னு போகும்."

அவள் அதை மடியில் வைத்துத் திருப்பினாள். படத்தில் விரிசல் தேடிப் பழகிய கண், ரப்பரை விட்டுவிட்டு இடைவெளியைத்தான் பார்த்தது. "இவ்ளோ நெருக்கமா இருந்தா மண்ணு எப்படிங்க உதிரும்? போன தடவை இதனாலதான் விழுந்தேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே பரணிலிருந்து இன்னொன்றை இறக்கினார். ஒல்லி டயர். பட்டன்கள் உயரமாக, தள்ளித் தள்ளி நின்றன. "இது சேத்துக்குன்னே வந்தது. ரோட்டுல இழுக்கும், சத்தம் போடும். அதான் யாரும் சீண்டறதில்ல."

கணவர் அதை வாங்கி ஒரு பட்டனைக் கட்டைவிரலால் சாய்த்தார். மெல்ல வளைந்து, மெல்ல நிமிர்ந்தது. இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தார். "ஈர வேர் மேல ஏறினா பிடிக்குமா?"

"பிடிக்கும் சார். காத்த மட்டும் கொஞ்சம் கம்மியா வைங்க."

"முன்சக்கரத்துக்கு மட்டும் போதுமா, ரெண்டுக்குமா?" என்றார், தடுக்க வந்தவர்.

"ரெண்டுக்குந்தாங்க" என்றாள் அவள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை, காட்டுப் பாதையில் மூடுபனி இன்னும் கலையவில்லை. விழுந்த வளைவு வந்ததும் கைகள் தாமாகவே பிரேக்கை இறுக்கின. பிறகு விட்டாள். டயர் சேற்றைக் கவ்வியது, உதறியது, மறுபடி கவ்வியது. மண் கட்டிகள் தோளைத் தாண்டிப் பறந்தன. மரங்கள் இருபுறமும் சத்தமில்லாமல் ஒதுங்கி வழிவிடுவதுபோல் இருந்தது.

அடிவாரத்தில் கணவர் துண்டோடு நின்றார். அவள் இறங்கவில்லை. அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேட்டைப் பார்த்து மிதித்தாள்.

"ஏய், சாப்பிட வேண்டாமா?"

அந்தக் குரல் எங்கோ தொலைவிலிருந்து, தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்டது. அவள் ஏறிக்கொண்டே இருந்தாள்.