வூடு

எங்கள் வகையறாவில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பொறியியல் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. அப்பாவுக்கும் இருந்ததில்லை. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஓட்டுபவர் அவர். மாமல்லபுரத்துப் பட்டறைகளிலிருந்து கற்சிலைகளை ஏற்றிக்கொண்டு போய் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கோயில்களில் இறக்குவார். எனக்கு வேலை கிடைத்த பிறகு வண்டி ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே மாறிவிட்டது. "இன்னா இன்ஜினீரு நைனா, லோடு கீதா?" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

நான் பொத்தேரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவள். சேர்ந்த புதிதில் சாப்பாட்டு மேசையில், "சாம்பார் ஆறிப்போய் கீது" என்றேன். எதிரே இருந்தவள், "கீதுவா? யாருப்பா அது, உன் ரூம்மேட்டா?" என்றாள். மேசையே சிரித்தது. அந்த வருடம் முழுக்க என் பெயர் கீது. நான் அழவில்லை. யார் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். உதடு எங்கே குவிகிறது, நாக்கு எங்கே தட்டுகிறது, மதுரைக்காரி எந்த எழுத்தை இழுக்கிறாள், கோவைக்காரி எங்கே மூச்சு விடுகிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பேன். படிப்பு முடிவதற்கு வெகு முன்பே, என் பேச்சை வைத்து நான் எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது. அதை என் சாதனையாக நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் ஊருக்குப் போனால் சித்தி மகள், "இன்னாமே, நியூஸ் வாசிக்கிறியா?" என்பாள். சிரிப்பாகத்தான் சொல்வாள். நான் போய் உட்கார்ந்ததும் மற்றவர்களின் பேச்சு கொஞ்சம் குறையும். நான் எழுந்து போனதும் மறுபடி கலகலக்கும். அடுத்த அறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. இரைச்சலுக்குக் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அதை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறேன் என்று நினைத்து யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பின் இருக்கையில் பேசும் பெண் கடலோரத்தில் கடப்பாக்கம் பக்கம் பிறந்து, கடலை விட்டுத் தள்ளி உள்ளே வாக்கப்பட்டவள் என்று கேட்டே கண்டுபிடிப்பேன். சரியா என்று திரும்பிக் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் குழறியது. செங்கல்பட்டில் பேச்சுப் பயிற்சிக்கு அம்மா அழைத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று ஃபோன் வந்தது.

"அந்தப் பொண்ணு படத்தக் காட்டி 'வூடு'ன்னு சொல்லச் சொல்லுதும்மா. இவரு 'வூடு'ன்றாரு. அது தப்புன்னுது. நானும் 'வூடு'ன்னு சொல்லாத, 'வூடு'ன்னு சொல்லுன்னு தலபாடா அடிச்சிகினு கீறேன். வாயே தொறக்க மாட்றாரு."

அம்மா சொன்ன நான்கும் ஒரே சொல்லாக என் காதில் விழுந்தன. விடுப்பு எடுத்துக்கொண்டு அடுத்த முறை நானே கூடப் போனேன்.

பயிற்சி தருபவளுக்கு என் வயதுதான் இருக்கும். பொறுமைசாலி. வீட்டுப் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அப்பா அட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "வூடு" என்றார்.

"வீ. உதட்டை ரெண்டு பக்கமும் இழுங்கப்பா, சிரிக்கிற மாதிரி. வீ-டு." அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் என்னிடம் திரும்பினாள். "பாத்தீங்களா, உதடு இன்னும் குவிஞ்சேதான் வருது. அந்தத் தசைக்குப் பலம் வரல."

"அது நோய் இல்லைங்க," என்றேன். "அது எங்க ஊரு." அவளுக்குப் புரியவில்லை. அதனால் படித்தவர்கள் முன்னால் பல வருடங்களாகப் பேசாத பேச்சில் சொன்னேன். "எங்க வூட்ல எல்லாருக்கும் அது வூடுதான். எனுக்குக்கூட. நான் நல்லாத்தான கீறேன்?"

ஒரு கணம் என் உதட்டையே பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அடக் கடவுளே! இத்தன நாளா அவரோட நல்ல உதட்டப் போட்டு நிமித்திட்டு இருந்திருக்கேனே! நான் திருநெல்வேலிங்க. இந்தப் பக்கத்துப் பேச்சு பழகல. அப்போ எதுதான் தப்பு?"

யோசிக்கவே தேவைப்படவில்லை. நோய் வந்த புதிதில் அவர் பேசியதெல்லாம் என் காதில் அப்படியே இருந்தது. "'ர' வரல. 'லாரி' 'லாலி' ஆவுது. 'ட' நல்லா வருது, களைச்சா மட்டும் 'த' ஆயிடுது. மத்ததெல்லாம் அவரோடதுதான்."

"ஆங்," என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அட்டைகள் தீரும்வரை பேசினார்.

கிளம்பும்போது அவள் கேட்டாள். "நீங்க என்ன படிச்சீங்க?"

"மெக்கானிக்கல்."

"ஏன்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "மார்க் இருந்துச்சு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். சுற்றுலாக் கூட்டத்தை விட்டு விலகி, படகுகளை மேலே ஏற்றி வைத்திருக்கும் பக்கம் மணலில் உட்கார்ந்தேன். அந்தப் பயிற்சிக்காரி செய்யும் வேலையை நானும் செய்ய வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எதையும் விடக் கூடாது என்று நினைத்தேன். அப்பா மேல் உள்ள பாசம் என்று முதலில் ஒரு பதில் வந்தது. சௌகரியமான பதில். ஆனால் அந்த அறையில் அவர் கண் கலங்கியது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் என் நினைப்பெல்லாம் அவருடைய 'ர' மேல்தான் இருந்தது. ஒரு மகள் அப்படியா இருப்பாள் என்று வெட்கமாக இருந்தது. நம் ஜனங்களுக்கு உதவ என்று அடுத்த பதில் வந்தது. மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். அதுவும் உண்மை இல்லை.

எல்லாவற்றையும் தள்ளிய பிறகு மிச்சம் இருந்தது சின்ன விஷயம். மனிதர்களின் வாயிலிருந்து வரும் ஓசை எனக்குப் பிடிக்கும். சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் கேட்க ஆரம்பித்தேன். பயம் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கேட்பது நிற்கவே இல்லை. தொழிற்சாலையில் நான் கெட்டிக்காரிதான், யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அங்கே பார்த்த ஒரு பொருளும் பஸ்ஸில் என்னோடு ஏறியதில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஃபோனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். இதைச் சொல்லும்படி ஒரு பெயரும் இல்லை. ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பேச்சுப் பயிற்சி தரும் படிப்புக்கு என் பட்டம் உதவாது என்று திருநெல்வேலிக்காரி விசாரித்துச் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளோடு முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் சொன்னேன். அம்மா, "இன்னாடி சொல்ற?" என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேட்டியா அண்ணாத்த? படிச்சி முடிச்சிட்டு மொதல்லேர்ந்து படிக்கப் போவுதாம். பேச கத்துக்குடுக்குற வேலையாம். பேசறதுக்கு இன்னாத்துக்கு காலேஜி?"

அப்பா சிரிக்கவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோய் வந்த பிறகு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். "இன்ஜினீரு... இன்ஜினீருன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். இனிமே ஸ்டாண்டுல... என்னிய இன்னான்னு கூப்புடுவானுங்க?"

எல்லா 'ர'வும் சுத்தமாக வந்தன. நல்லா வந்துச்சு நைனா என்று வாய்வரை வந்தது. அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேலையை விட்டேன். இப்போது முதல் வருடம். வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள். மதியம் அவர்கள் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள். நான் ஆய்வகத்தில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன். தனிமைதான். ஆனால் எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றாத தனிமை.

அப்பா மறுபடி வண்டி ஓட்டுகிறார். எல்லோரிடமும் பேசுகிறார், என்னிடம் இல்லை. ஃபோனை நீட்டினால் கையை ஆட்டிவிடுகிறாராம். போன வாரம் அம்மாவோடு பேசும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. டயர் சரியில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீ போய் வேலையப் பாரு. ஃபோன அணைக்காம அங்கியே வச்சிட்டுப் போ," என்றேன்.

"எதுக்குடி?"

"சும்மாதான்."

வைத்துவிட்டுப் போனாள். 'ட' மெல்ல 'த' ஆகும்வரை, அவர் களைத்துப்போய் நிறுத்தும்வரை, கேட்டுக்கொண்டிருந்தேன்.