அந்தோணியார் வாங்க மறுத்த நாக்கு

பொங்கல் முடிந்த மறு வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் அருள்தாஸ் அடுப்படி வாசலில் வந்து நின்று டீ கேட்க வாயைத் திறந்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கதவைப் பிடிக்கப் போன வலது கை நழுவியது. அப்படியே சரிந்து விழுந்தார்.

என் பெயர் பிலோமினா. முதலியார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறேன். அவர் நோணாங்குப்பத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளையில் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்ல வார்த்தைதான் கிடைக்காது என்று டாக்டர் விளக்கினார். 

அப்போதுதான் அவருடைய தங்கை ஜெசிந்தா வார்டு வாசலில் வைத்து, அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

"எங்க அண்ணன இந்தக் கதிக்குக் கொண்டாந்ததே உங்க வாய்தான் அண்ணி. நிம்மதியா ஒரு வாய் சோறு தின்ன வுட்டீங்களா அவர?"

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நான். ஆனால் முந்தின நாள் சாயங்காலம்தான் தெருவே கேட்கும்படி அவரிடம் கத்தியிருந்தேன். பிரஷர் மாத்திரை போடாமல் பெத்தாங்க் ஆடப் போய்விட்டார். இரும்புக் குண்டை எறிந்து ஆடுகிற அந்த ஆட்டத்தை வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனான், எங்கள் ஊர் ஆண்கள் இன்னும் விடவில்லை. அதற்காகத்தான் கத்தினேன். விடிந்தால் மனிதர் விழுந்து கிடக்கிறார்.

என் குரல் சின்ன வயதிலிருந்தே பெரிய குரல். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் பெஞ்சுக்கு மேலேதான் நின்றேன். கோயில் மைக் கெட்டுப்போனால் பிலோமினாவை நிறுத்துங்கள் என்று எங்கள் பங்குக் கோயில் ஜனங்கள் கேலி பேசுவார்கள். வாயாடி, சண்டைக்காரி, ஓட்டை வாய் என்று எல்லாப் பட்டமும் வாங்கியவள். ஐம்பது வயது வரை எல்லோரும் குற்றம் என்று சொன்னதை நானும் குற்றம் என்றே நம்பினேன். அதனால் ஜெசிந்தா சொன்னதையும் நம்பிவிட்டேன்.

தவக்காலம் தொடங்கியது. அந்தோணியார் கோயிலில் பதிமூன்று செவ்வாய் ஜெபம் ஆரம்பித்தேன். முதல் செவ்வாய் அன்றே முழங்கால் போட்டு இப்படி நேர்ந்துகொண்டேன். "அந்தோணியாரே, இந்தப் பதிமூன்று வாரமும் ஜெபம் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் நாக்கை உமக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன். அவர் நாக்கைத் திருப்பிக் கொடும்."

நேர்ந்துகொள்கிற ஜனங்கள் நாம். முடி கொடுப்போம், மெழுகுவர்த்தி கொடுப்போம், உப்பும் மிளகும் கொட்டுவோம். நாக்கைக் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜெசிந்தாவும் செவ்வாய்தோறும் கூட வந்தாள். நான் நிஜமாகவே வாயை மூடியிருக்கிறேனா என்று பார்ப்பதற்கும்தான் வந்தாள் என்று நினைக்கிறேன்.

பேசாமல் இருந்தேன். இட்லி எத்தனை என்று விரலால் கேட்டேன். எப்போதும் வருகிறவர்களில் பலர் பொட்டலம் கட்டிக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார்கள், சிலர் வருவதையே விட்டுவிட்டார்கள். அவருக்குச் சத்தமில்லாமல் கஞ்சி ஊட்டினேன், சத்தமில்லாமல் உடம்பு துடைத்தேன். ஈஸ்டர் வந்தது. கோயிலில் அல்லேலூயா பாடியதோடு சரி.

அவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் 'ப்பா, ப்பா' என்று ஏதோ முயற்சி செய்துகொண்டிருந்தார். நான்காவது செவ்வாய்க்குள் அது குறைந்தது. ஏழாவது செவ்வாய்க்குள் நின்றேபோனது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சியைத் தள்ளிவிட்டார். கண்ணோரம் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. நான் குமுறினேன். ஆண்டவரே, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேனே, நீர் எங்கே போனீர்? இதைக்கூட மனசுக்குள்தான் கேட்க முடிந்தது.

அவர் கால் கொஞ்சம் தேறியதால், நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பேச்சுப் பயிற்சிக்கு டாக்டர் கண்டிப்பாக அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுப்பவள் கவிதா என்றொரு பெண். வயது முப்பதுகூட இருக்காது. அவரைப் பற்றி என்னிடம் வரிசையாகக் கேள்வி கேட்டாள். நான் தலையாட்டினேன், கையைக் காட்டினேன், சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் முகம் வாடிப்போனது.

"அய்யோ, உங்களுக்கும் பேச்சு வராதாம்மா?"

கூட வந்திருந்த ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "இவங்களுக்கா? இவங்க வாயத் தொறந்தா கடலூர் வரைக்கும் கேக்கும். நேந்துக்கிட்டு இருக்குறாங்க" என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

கவிதா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்ல நீங்க ரெண்டே பேரு. நீங்களும் பேசலன்னா அவருக்குப் பேச்சு எங்கேருந்தும்மா வரும்? காதுல வுழுந்துகிட்டே இருக்கணும். சில வீட்ல பேச ஆளே இல்லாம நான் தவிக்கிறேன். உங்கள மாதிரி ஒருத்தர் கெடச்சா நான் கொடுத்து வச்சவ."

ஐம்பது வருஷத்தில் என் வாய்க்குக் கிடைத்த முதல் மரியாதை அது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை, பயம்தான் வந்தது. இன்னும் ஆறு செவ்வாய் பாக்கி. நேர்த்தியை முறித்தால் அவரை இழந்துவிடுவேனோ? பேசினாலும் பாவம், பேசாவிட்டாலும் பாவம் என்றால் நான் எங்கே போவேன்?

மறுநாள் எட்டாவது செவ்வாய். கோயிலில் முழங்காலில் நின்றேன். நவநாள் ஜெபத்தைக் கூட்டத்தோடு வாசித்துக்கொண்டே வந்தேன். அதில் அந்தோணியாருடைய அழியாத நாவைப் புகழ்கிற இடம் வந்தது. அவர் இறந்து பல வருஷம் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடம்பெல்லாம் மண்ணாகியிருக்க, நாக்கு மட்டும் கெடாமல் இருந்ததாம். சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்த கதை. ஏழு செவ்வாய் அதே இடத்தை வாசித்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன், என் மண்டையில் ஏறவில்லை. பிரசங்கம் பேசிப் பேசியே புனிதரானவரிடம் போய், பேசுகிற நாக்கை எடுத்துக்கொள்ளும் என்று கொடுத்திருக்கிறேன்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தேன். ஜெசிந்தா என் தொடையில் கிள்ளினாள். "என்னா அண்ணி, கிறுக்கு புடிச்சிடுச்சா?" சிரிப்பு அழுகையாக மாறியது. அந்தோணியார் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தேன். இது எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று அவர் திருப்பித் தருவதாக என் உள்ளம் சொன்னது. இதுதான் என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்.

அவசரப்பட்டு வாயைத் திறக்கவில்லை. பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போனேன். நேர்த்தியை மாற்றிக்கொள்ளலாமா என்று சீட்டில் எழுதிக் கேட்டேன். என்னவாக மாற்றப் போகிறாய் என்றார். அதையும் எழுதிக் காட்டினேன்.

"பேச மாட்டேன்னு நேந்துக்கிட்டேன் சாமி. அவருக்குப் பேச்சு வர்ற வரைக்கும் அவரோட பேசிக்கிட்டே இருப்பேன்னு மாத்திக்கறேன்."

"இதுதான் கஷ்டமான நேர்த்தி" என்று சொல்லித் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

வீட்டுக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து "ஏங்க" என்றேன். அவ்வளவுதான். சுவரைப் பார்த்திருந்தவர் திரும்பினார். நல்ல கையால் என் வாயைத் தொட்டுப் பார்த்தார், விம்மினார். பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் நான் பேசவில்லை என்றால் கோபம் என்று ஒரே அர்த்தம்தான். இத்தனை வாரமும் நான் அவரை வெறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே கிடந்திருக்கிறார்! என் பக்தியால் அவரை அப்படி வதைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து பிடிவாதமாக இறங்கினேன். நன்றாகப் பேசத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். போதாது என்று கவிதா காட்டிக் கொடுத்தாள். "கேள்வியும் நீங்களே கேக்குறீங்க, பதிலும் நீங்களே சொல்லிடுறீங்கம்மா. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவரு தேடட்டும்." அந்தப் பத்து எண்ணுவது இருக்கிறதே, சூடான இட்லிப் பானையை வெறுங்கையால் பிடிக்கிற மாதிரி. முதல் வாரம் மூன்றுக்கு மேல் என்னால் தாண்ட முடியவில்லை. பழகினேன். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசப் பழகினேன். கடை முடிந்து ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு நாளும் விட்டதில்லை. ஆண்டவர் கொடுத்தது வெறும் மாவுதான், அதைப் பக்குவமாக வேகவைப்பது என் வேலை என்று புரிந்தது.

எனக்கு இன்னொரு திறமையும் உண்டு. ஆளைச் சீண்டிச் சண்டைக்கு இழுப்பேன். அதையும் விட்டுவைக்கவில்லை. வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். ஜெசிந்தா உங்க அக்காதானே என்பேன். நம்ம கல்யாணத்துல மழை கொட்டுச்சே என்பேன். தலையை ஆட்டி ஆட்டி மறுப்பார். அந்தோணியார் திருநாள் வாரத்தில் முதன்முதலாக "இல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் தெருவுக்கே கேசரி கிண்டினேன்.

ஆகஸ்ட் மாதம், மாதா விண்ணேற்புத் திருநாள். மத்தியானம் ஜெசிந்தா சாப்பிட வந்திருந்தாள். அவர் காதில் விழும்படி அவளிடம் சொன்னேன், "பெத்தாங்க் பெத்தாங்க்னு உங்க அண்ணன் பீத்திக்குவாரே, முத்தியால்பேட்டைக்காரங்ககிட்ட தோத்துட்டுத் தல குனிஞ்சுக்கிட்டு வந்தவருதான்." சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஜெசிந்தா எழுந்துவிட்டாள், நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பத்தும் தாண்டிவிட்டது.

"பொ... பொய்யி! நாங்க... நாங்கதான் ஜெயிச்சோம்!"

ஜெசிந்தா ஓவென்று அழுதாள். என் காலைப் பிடிக்கக் குனிந்தாள். "என்ன மன்னிச்சிடுங்க அண்ணி." காலை விடு, சோறு ஆறுகிறது என்று அதட்டினேன்.

இன்றும் அவர் முழுதாகத் தேறவில்லை. படகு ஓட்டப் போகவில்லை. வார்த்தைக்குத் தடுமாறுகிறார், மாத்திரையும் பயிற்சியும் தொடர்கின்றன. ஆனால் என்னை எதிர்த்துப் பேசுகிறார், அது போதும். நானும் கவிதாவிடம் முறையாகப் பழகிக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவரைப் போல வாயடைத்துப் போனவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்காருகிறேன். வாயாடி என்று ஒதுக்கப்பட்டவளை, அம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டுக் காத்திருக்கிறார்கள். ஆண்டவருக்கு நன்றி சொல்ல என் பெரிய குரலும் எனக்குப் போதவில்லை.

அன்பான சகோதர சகோதரிகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எதற்காக ஊர் உங்களைக் குறை சொல்கிறதோ, அதை எடுத்துவிடும் என்று அவசரப்பட்டு ஜெபிக்காதீர்கள். என் வாய் பல பேரைப் புண்படுத்தியிருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் இதை எங்கே பயன்படுத்தட்டும், யாரிடம் போய்ப் பழகட்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய் உழையுங்கள். நம்மைப் படைத்தவர் கைதவறி எதையும் நமக்குள் போட்டுவிடவில்லை என்று நம்புங்கள்.

போன வாரம் எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் ஒரு வீட்டில் நடந்தது. மன்றாட்டு நேரத்தில் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் உதவிக்குப் போகவில்லை. மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே... என் பொண்டாட்டி... பேசிக்கிட்டே... இருக்கணும்."

ஆமென் என்றார்கள் எல்லோரும். அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. இதோ, இவ்வளவு நேரம் பேசிவிட்டேன்.